மூன்றாவது வரி தவிர

பிளேடின் முனையைப் பிளாஸ்டிக்கின் ஓரத்தில் நுழைத்து அவள் மெல்ல நெம்பிக்கொண்டிருந்தபோது அத்தை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். வந்தவள் கண்ணில் பட்டது இதுதான்: அப்பா செத்து நாலு மணி நேரம், சாத்திய அறை, மகள் கையில் பிளேடு. அத்தை அறுபது வயது உடம்பை வைத்துக்கொண்டு பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"விடுங்க அத்தை."

"குடு. குடுத்துரு. எந்தம்பி போனது பத்தாதா எனக்கு?"

"நான் ஒண்ணும் சாகப் போறதில்ல. ஃபாரத்தைப் பிரிக்கிறேன்."

அத்தை மேஜையைப் பார்த்தாள். ஒரே ஒரு தாள், இரண்டு பக்கமும் கெட்டியான பிளாஸ்டிக்கில் சிறைப்பட்டு, நாலு மூலையும் வளைவாக வெட்டப்பட்டு, ஹோட்டல் மெனு அட்டை மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது. ஒரு மூலையில் மட்டும் பிளாஸ்டிக் பிளந்து, கூடவே காகிதமும் நூலக முத்திரையின் விளிம்போடு கொஞ்சம் கிழிந்திருந்தது. அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பிளேடைப் பிடுங்கிக்கொண்டாள். பிடுங்கியதைத் தன் பர்ஸுக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடியும் விட்டாள்.

கூடத்தில் அப்பா படுத்திருந்தார். அண்ணன் வெளியூரிலிருந்து கிளம்பிவிட்டான், மூன்று மணிக்கு வந்துவிடுவான். எடுப்பது நாலு மணிக்கு என்று முடிவாகியிருந்தது. துறை அலுவலகத்தில் படிவம் வாங்கும் கவுண்டரை மூடுவது மூன்று மணிக்கு. இன்றுதான் கடைசி நாள். இன்று விட்டால் அடுத்து ஆறு மாதம் கழித்துத்தான் வாங்குவார்கள். திங்கட்கிழமை அவள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர வேண்டும், நிறைவுச் சான்று இல்லாமல் வராதே என்று மூன்று தடவை சொல்லியிருந்தார்கள்.

படிவம் என்றால் பெரிய காவியமில்லை. எட்டுக் கட்டங்கள். நூலகம், ஆய்வகம், விடுதி, கட்டணப் பிரிவு, தேர்வுப் பிரிவு, வழிகாட்டி, வெளித்தேர்வாளர், துறைத்தலைவர். ஆய்வேட்டை எழுதி முடித்து, வாய்மொழித் தேர்வில் நின்று, திருத்தம் சொன்னதையெல்லாம் திருத்தி, ஐந்து பிரதி கட்டிக் கொடுத்த பிறகும் இந்த எட்டுக் கட்டமும் நிரம்பினால்தான் படித்தவள். இரண்டு வருஷம் கால்வாய்த் தண்ணீரில் ஈயம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தவளுக்கு, ஏழு கையெழுத்து வாங்க மூன்று வாரம் ஆனது. ஆய்வகத்தில் கையெழுத்துப் போடுகிறவர் ஒரு சோதனைக் குழாய் குறைகிறது என்று நாலு நாள் அலைய விட்டார். பிறகு அதில் அவரே தன் மேஜையில் பேனா செருகி வைத்திருந்தது தெரிந்தது. வெளித்தேர்வாளர் ரயிலேறப் போகும்போது வாசலில் நிறுத்தி, தன் முதுகைத் திருப்பிக்கொடுத்து, அதன்மேல் வைத்து வாங்கினாள். மிச்சம் ஒன்று. துறைத்தலைவர். அவர் புதன்கிழமைதான் ஊரிலிருந்து வருவதாக இருந்தது.

செவ்வாய் சாயங்காலம் அப்பா அதை எடுத்துக்கொண்டு போய் லேமினேஷன் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த வீட்டில் இது புதிதில்லை. அப்பா ஒரு பெரிய அலுவலகத்தில் ரெக்கார்டு ரூம் அட்டெண்டர். அலுவலகத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ரெக்கார்டு" என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருஷமாக ஈரத்திலும் கரையானிலும் காகிதம் சாவதைப் பார்த்தவர். மடிப்பில் கிழிந்த தாளோடு வந்து நிற்பவர்களை, எழுத்து தெரியவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்களாம். அவர்கள் படி இறங்கிப் போவதைத் தினம் பார்த்தவர். அதனால் வீட்டுக்குள் முத்திரையோடு எது நுழைந்தாலும் மறுநாள் அது பிளாஸ்டிக்குக்குள் போய்விடும். பிறப்புச் சான்றிதழ்கள், தடுப்பூசி அட்டைகள், அவளுடைய ஒன்றாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். பழைய ஃப்ரிட்ஜின் கியாரண்டி அட்டை. ஃப்ரிட்ஜ் செத்து ஆறு வருஷம் ஆகிறது, அட்டை புத்தம்புதிதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவர் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து நீட்டினார். "கெட்டி ஷீட்டு. சாதா ஷீட்டு வேணாம்னுட்டேன்," என்றார். ஏழு கையெழுத்தும் தண்ணீருக்கடியில் கிடக்கிற கூழாங்கற்கள் மாதிரி தெளிவாகத் தெரிந்தன. எட்டாவது கட்டம் காலியாக, வழவழவென்று, எந்தப் பேனாவும் ஒட்டாத மாதிரி பளபளத்தது.

அவள் என்ன சொன்னாள் என்பது அவளுக்கு நன்றாக ஞாபகமிருந்தது. ஞாபகமில்லாமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதலில் யாரைக் கேட்டு எடுத்தீங்க என்றாள். ஒரு கட்டம் காலியா இருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா என்றாள். கையெழுத்துதான் ஏழு இருக்கேன்னு பாத்தேன் என்று அவர் இழுத்தார். அப்போதுதான் அதைச் சொன்னாள். "எட்டாங்கிளாஸ் படிச்சவருக்கு இதோட முக்கியத்துவம் எப்படித் தெரியும்?"

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். ஏதோ வழி கேட்டுத் தெரிந்துகொண்டவர் மாதிரி இரண்டு தடவை ஆட்டினார். அதன்பின் போய்க் கால் கழுவினார்.

புதன்கிழமை துறைத்தலைவர் அந்த மெனு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் எதை வைத்து எங்கே போடச் சொல்கிறாய் என்று கேட்டார். அறையில் இருந்த இரண்டு பேராசிரியர்கள் சிரித்தார்கள். புதுப் படிவம் வாங்கி எல்லாக் கையெழுத்தையும் மறுபடி வாங்கு என்றார். வெளித்தேர்வாளர் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தார், போனையும் எடுக்கவில்லை. வியாழக்கிழமை முழுக்க அவள் அவருக்குப் போன் போட்டுப் பார்த்துவிட்டு, அறையைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார். கதவுக்கு வெளியே நின்று, "நாளைக்குக் காலையிலயே போயிடு. கவுண்டர்ல கண்ணாடி போட்ட ஒரு அம்மா இருப்பாங்க, அவங்ககிட்டக் கேளு," என்றார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். காலையிலிருந்து சும்மா இருந்தவர் இப்போது கவுண்டருக்கு வழி சொல்ல வந்துவிட்டார் என்று மட்டும் நினைத்தாள்.

விடியற்காலையில் அவர் பாத்ரூமில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போதே இல்லை என்றார்கள்.

இப்போது அத்தை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டாள். அப்பன் கூடத்தில் கிடக்கும்போது மகள் காலேஜுக்குப் போனாள் என்று நாளைக்கு நாலு பேர் பேசுவார்கள் என்றாள். உடனேயே, சரி, போவதாக இருந்தால் ஆட்டோவில் போ, போனதும் முதல் வேலையாக விஷயத்தைச் சொல்லு என்றாள்.

"என்ன விஷயம்?"

"அப்பா செத்துட்டாருன்னு. அழுதுகிட்டே சொல்லு. கல்லு மனசுக்காரனா இருந்தாலும் போட்டுக் குடுத்துருவான்."

அவளுக்கு அத்தையின் பர்ஸிலிருந்து பிளேடைத் திரும்ப எடுக்கலாமா என்று தோன்றியது. பள்ளியிலிருந்தே பன்னிரண்டு வருஷம் அவள் இதைத்தான் செய்தாள். ஒவ்வொரு உதவித்தொகை விண்ணப்பத்திலும் ஒரு கட்டம் இருக்கும், 'குடும்பச் சூழ்நிலையை விவரிக்கவும்' என்று. அவள் விவரித்தாள். அப்பாவின் சம்பளத்தை விவரித்தாள், ஒழுகும் கூரையை விவரித்தாள், ஒரு வருஷம் இன்னும் கொஞ்சம் உருக்கமாக எழுதினால் கிடைக்கும் என்று ஆசிரியை சொன்னபோது அம்மாவின் இருமலையும் விவரித்தாள். எம்.எஸ்ஸி.க்கு இடம் கிடைத்த அன்று, இனி யாருக்கும் எதையும் விவரிப்பதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஈயத்தை அளந்து எழுதினாள். அது யாருடைய பரிதாபத்துக்கும் கட்டுப்படாத எண். இப்போது அப்பாவின் பிணத்தைக் கொண்டுபோய்க் கவுண்டரில் வைத்து எட்டாவது கையெழுத்தை வாங்க வேண்டுமாம்.

"அதை மட்டும் சொல்ல மாட்டேன்," என்றாள்.

"அப்புறம் என்ன சொல்லி வாங்குவ?"

அவள் படிவத்தின் பிளந்த மூலையை விரலால் அழுத்தி ஒட்டப் பார்த்தாள்.

கதவருகில் அம்மா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. முகத்தில் அழுகையைவிடச் சலிப்புத்தான் அதிகம் இருந்தது. ஃப்ரிட்ஜில் பால் வைக்க இடமில்லாமல், மகள் அடுக்கிய எழுபத்திரண்டு பாட்டில் கால்வாய்த் தண்ணீரை ஒரு வருஷம் பொறுத்துக்கொண்டபோது இருந்த அதே சலிப்பு.

"போறதுன்னா போய்த் தொலை," என்றாள் அம்மா. "அந்த மனுஷன் இந்த ஒத்தக் காகிதத்தை நினைச்சு மூணு ராத்திரியா கண்ணை மூடல. புரண்டு புரண்டு என் தூக்கமும் போச்சு. இன்னிக்கும் முடியலன்னா எனக்குத் தாங்காது." அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "அண்ணி, நீங்க போய் அவர் பக்கத்துல உக்காருங்க. ஈ மொய்க்குது," என்று அம்மா முடித்துவிட்டாள்.

பின்வாசல் வழியாகப் போனாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததுகூட எரிச்சலாக இருந்தது. பக்கத்தில் இருந்த பெண் அவள் மடியிலிருந்த படிவத்தைப் பார்த்துவிட்டு, நல்லா லேமினேட் பண்ணியிருக்காங்களே, எந்தக் கடை என்று விசாரித்தாள்.

துறை அலுவலகத்துக்குப் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு. கவுண்டருக்குள் கண்ணாடி போட்ட அம்மா இருந்தார். இரண்டு வருஷமாக அவள் தவிர்த்து வந்த ஆள். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் முதலில் அதன் ஓரங்களைத்தான் பார்ப்பார், இடம் விட்டது சரியாக இருக்கிறதா என்று. ஒரு தடவை அவள் ஆய்வேட்டின் முகப்பை அரை அங்குலத்துக்காகத் திருப்பி அனுப்பியவர்.

அவள் படிவத்தை ஜன்னலுக்குள் தள்ளினாள். அந்த அம்மா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"மூலைல யாரு இதைப் பிச்சது?"

"நான்தான்."

"ஏன் பிச்ச? அழகா போட்டிருக்கு. நேத்து அவர் சொல்லும்போது நான்கூட ஏதோ அரைகுறையாப் போட்டதுன்னு நினைச்சேன்."

"யாரு சொல்லும்போது?"

கண்ணாடிக்கு மேல் வழியாக அந்த அம்மா அவளைப் பார்த்தார். "உங்கப்பாதான். நேத்து வந்திருந்தாரே. பத்து மணிக்கு வந்தவரு, நாலே முக்காலுக்கு நான் ஆபீஸைப் பூட்டும்போதுதான் போனாரு. உனக்குத் தெரியாதா?"

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த அம்மா எழுந்து அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டே பேசினார். தலைவரைப் பார்க்க வேண்டும் என்று வந்தாராம். தலைவர் பெற்றோர்களைப் பார்ப்பதில்லை என்று சொன்னதும், சரி, இருக்கிறேன் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாராம். மத்தியானம் சாப்பிட்டு வாங்க என்று சொல்லியும் போகவில்லையாம். நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தாராம், கேட்டதற்கு வாயு என்றாராம். கடைசியில் இரண்டு தாள் கேட்டு வாங்கி, ஒன்றில் எழுதிப் பார்த்து, இன்னொன்றில் நகல் எடுத்துக் கொடுத்தாராம். "ஓரத்துல எவ்வளவு இடம் விடணும்னு கேட்டாருப்பா. முப்பது வருஷ சர்வீஸ்ல என்னை யாரும் அப்படிக் கேட்டதில்ல. நம்பர் போட்டுப் பதிஞ்சு வச்சுட்டேன்."

ஃபைலைத் திருப்பி ஜன்னலை ஒட்டி வைத்தார். அப்பாவின் கையெழுத்து. ஃபைல் முதுகுகளில் எண் எழுதி எழுதிப் பழகிய கை, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது. அலுவலகத்தில் தவறு செய்தவனிடம் கேட்கும் விளக்கக் கடிதத்தின் அமைப்பில் எழுதியிருந்தார். அவரும் இரண்டு மூன்று தடவை எழுதியிருக்கிறார், அதனால் முறை தெரியும். வரிக்கு வரி எண் போட்டிருந்தது.

1. என் மகளின் நிறைவுப் படிவத்தை லேமினேஷன் செய்தது நான்.

2. இது அவளுக்குத் தெரியாமல் நடந்தது. அவள் மீது தவறு இல்லை.

3. எட்டாம் வகுப்பு வரை மட்டுமே படித்தவன் ஆகையால், படிவத்தின் முக்கியத்துவம் தெரியாமல் இவ்வாறு செய்துவிட்டேன்.

4. இனி இதுபோல் நடக்காது என உறுதி கூறுகிறேன்.

5. இத்தவறைப் பொறுத்து, படிவத்தை ஏற்றுக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இனி என்றால் என்ன அர்த்தம், நான் இன்னொரு எம்.எஸ்ஸி. படிக்கப் போகிறேனா என்று அவளுக்கு முதலில் கோபம் வந்தது. மூன்றாவது வரியை இரண்டாவது தடவை படித்தபோதுதான் அது யாருடைய வாக்கியம் என்று தெரிந்தது. அவளுடையது. பேச்சில் சொன்னதை அவர் அலுவலக நடைக்கு மாற்றியிருந்தார், அவ்வளவுதான்.

கண்ணாடி அம்மா விளக்கிக்கொண்டிருந்தார். இந்தக் கடிதம் இருப்பதால் வழி இருக்கிறது. மாணவியின் அலட்சியம் என்றால் குழுவுக்குப் போகும், மூன்று மாதம். வீட்டார் செய்த தவறு என்று எழுத்தில் இருந்தால் தலைவரே பொறுத்து ஏற்கலாம், கடிதத்தின் ஓரத்திலேயே கையெழுத்துப் போட்டுப் படிவத்தோடு இணைத்துவிடலாம். கீழே அவள் 'மேற்கண்டவை உண்மை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

பேனா ஜன்னல் வழியாக வந்தது. அவள் அதை வாங்கினாள், எழுதவில்லை.

"மூணாவது வரியை அடிச்சிடலாமா?"

"பதிஞ்ச லெட்டர். யாரும் கை வைக்கக் கூடாது."

"ஒரே ஒரு கோடு."

"எழுதினவருதான் அடிக்கணும். அடிச்ச இடத்துல சின்னதா ஒரு கையெழுத்து வைக்கணும். அவரை வரச் சொல்லு, மூணு மணி வரைக்கும் கவுண்டர் இருக்கு."

சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். சொன்னால் இந்த அம்மா எழுந்து வெளியே வந்து தோளைத் தொடுவார், தண்ணீர் கொடுப்பார், தலைவர் அறைக்குள் ஓடுவார், கடிதமும் வேண்டாம் கோடும் வேண்டாம், எல்லாம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். குடும்பச் சூழ்நிலையை விவரிக்கவும்.

"அவரால வர முடியாது," என்றாள்.

"அப்ப அப்படியே போடு. என்ன தப்பா எழுதிட்டாரு? எங்கப்பா அதுகூடப் படிக்கல."

அவள் கடிதத்தை இழுத்து, கீழே இருந்த வெள்ளை இடத்தில் எழுதினாள். 'மேற்கண்டவற்றில் மூன்றாவது வரி தவிர மற்றவை உண்மை.' கையெழுத்தும் தேதியும் போட்டாள்.

அந்த அம்மா படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். "இப்படியெல்லாம் எழுத முடியாதும்மா."

"எழுதக் கூடாதுன்னு விதி இருக்கா?"

"யாரும் எழுதினதில்ல."

"விதி இருக்கான்னு கேட்டேன்."

அந்த அம்மா விதிப் புத்தகத்தை எடுத்தார். உண்மையிலேயே தேடினார். விரலை எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பி, பத்து நிமிஷம் தேடினார். இல்லை. இல்லாதது அவருக்கே பெரிய அதிர்ச்சியாக இருந்தது. "என்னவோ போ," என்று சொல்லி ஃபைலை மூடி, தலைவர் கூட்டத்திலிருந்து இரண்டு மணிக்கு வருவார் என்றார். இரண்டு என்பது இரண்டரை ஆனது. இடையில் அண்ணன் இரண்டு தடவை போன் செய்தான். வந்துவிடுவேன் என்று சொல்லி வைத்தாள்.

தலைவர் நின்றுகொண்டே ஃபைலைப் படித்தார். அவர் மேஜையில் அன்று ஏற்க வேண்டிய படிவங்கள் ஒரு கட்டு இருந்தன, எல்லாம் காகிதமாகவே இருந்தன.

"இதென்ன, மூன்றாவது வரி தவிர?"

"அது உண்மை இல்ல சார்."

"ஏன், அவரு எட்டாவது படிக்கலையா?"

"எட்டாவதுதான் சார். அதுக்கு அடுத்து இருக்கிறதுதான் பொய்."

"முக்கியத்துவம் தெரியாம செஞ்சேன்னு அவரே ஒத்துக்கிறாரு. நீ பொய்ங்கிற."

"தெரிஞ்சதாலதான் சார் லேமினேட் பண்ணாரு." குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. கூட்டம் முடிந்து வந்திருந்த இன்னொரு பேராசிரியர் திரும்பிப் பார்த்தார். அவள் குறைத்துக்கொள்ளவில்லை. "முக்கியமில்லாத எதையும் அவரு கொண்டுபோய் கெட்டி ஷீட்டு போட மாட்டாரு. இந்த ஃபாரத்தோட முக்கியத்துவம் இந்த பில்டிங்ல அவரளவுக்கு யாருக்கும் தெரியாது. எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

தலைவர் கடிதத்தை மேஜையில் வைத்தார். "இதெல்லாம் ஃபைலுக்குத் தேவையாம்மா?"

"ஃபைல்ல இருக்கப்போறது அந்த வரிதானே சார். நான் படிச்சு முடிச்சேங்கிறதுக்கு அத்தாட்சியா அந்த வரி இங்க கிடக்கக் கூடாது."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். புதன்கிழமை சிரித்தவர்களில் அவர் சேர்த்தி இல்லை, ஆனால் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தவர். அது இருவருக்கும் ஞாபகமிருந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பேனாவைத் திறந்து, கடிதத்தின் இடது ஓரத்தில், அப்பா கேட்டுத் தெரிந்துகொண்டு விட்டிருந்த அந்த இடத்தில், 'ஏற்கப்பட்டது' என்று எழுதினார். அதன் கீழேயே 'மாணவியின் குறிப்புடன்' என்று சேர்த்தார். கையெழுத்துப் போட்டார்.

"அப்பா என்ன வேலை?"

"ரெக்கார்டு ரூம் அட்டெண்டர் சார்."

"ம்," என்றார். அடுத்த படிவத்தை எடுத்துக்கொண்டார்.

மணி இரண்டே முக்கால். கண்ணாடி அம்மா ஃபைலை வாங்கி ஓரம் பார்த்து, கையெழுத்துப் பார்த்து, முத்திரை மையைத் தேடினார். நாலு இடத்தில் பதிவு செய்ய வேண்டும், சான்று எழுத வேண்டும், பத்து நிமிஷம் உட்காரச் சொன்னார். அவள் போய்விட்டு மறுநாள் வந்து வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, நாளைக்கு விடுமுறை, கையோடு வாங்கிட்டுப் போ, இங்கே எதையும் நம்பி விட்டுட்டுப் போகாதே என்று தணிந்த குரலில் சொன்னார்.

"அப்பாகிட்ட முதல்ல போன் போட்டுச் சொல்லிடு. நேத்து அந்த மனுஷன் முகமே செத்துப்போச்சு. பாக்கவே ஒரு மாதிரி இருந்துச்சு."

"சொல்றேன்."

"அங்கதான் உக்காந்திருந்தாரு. அந்தக் கடைசில." முத்திரையால் காட்டினார். "ஃபேன் காத்து அங்க வராது. இந்தப் பக்கம் வாங்கன்னா, வர்றவங்க உக்காரட்டும்னுட்டாரு."

தாழ்வாரத்தில் சுவரை ஒட்டி மர பெஞ்சு. மூன்று பேர் உட்காரலாம். அவள் போய் இந்தப் பக்கத்து ஓரத்தில், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு எடுத்து நடுவில் வைத்தாள். உள்ளே முத்திரை விழத் தொடங்கியது. ஒன்று. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று.

ஆய்வேட்டுப் பிரதிகளை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு மாணவன் படியேறி வந்தான். ஐந்தும் புதுக் கட்டு, பசை வாசனை அடித்தது. வியர்வை கண்ணில் இறங்க, துடைக்கக் கை இல்லாமல் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். கவுண்டருக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டு, பெஞ்சுப் பக்கம் வந்து, காலியாக இருந்த அந்தக் கடைசி ஓரத்தைத் தாடையால் காட்டினான்.

"கொஞ்சம் பையை எடுத்தீங்கன்னா, இதை நடுவுல வச்சுட்டு அந்தப் பக்கம் உக்காந்துக்குவேன்."

அவள் பையை எடுக்கவில்லை.

"நின்னுக்கோங்க," என்றாள்.

அவன் அந்த இடத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஐந்து பிரதிகளையும் ஒரு தடவை எக்கிச் சரியாகப் பிடித்துக்கொண்டு, எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றான்.